எர்பேரின் குரல்

உப்பளம், புதுச்சேரி
1957 நவம்பர் 3

மார்சேயில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருக்கும் மகன் தொமினிக்குக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

கோபத்தோடு எழுதுகிறேன். முதலில் சினிமாக் கோபம். நம்ம துப்பறியும் நடிகர் எர்பேர் கொன்வே படம் வந்தது. சின்னப் போலீஸ்காரனாகத் தலைகாட்டி, பிறகு பன்னிரண்டு படத்தில் துப்பறிந்தவர். அத்தனையும் நாம் பிரெஞ்சில்தானே பார்த்தோம்? அவர் பிரான்சில் லியோன் ஊர்க்காரர் என்று ஊரெல்லாம் சாதித்தவன் நான். பிரெஞ்சுக் கொடி இறங்கியதிலிருந்து மதராஸிலிருந்து இங்கிலீஷ் பிரதிதான் வருகிறது. என்னோடு கோர்ட்டில் சேவகம் பார்த்த சுப்பராயனையும் அழைத்துப் போனேன். அதே தொப்பி, அதே மீசை. வாயைத் திறந்தால் ஜலதோஷம் பிடித்த இங்கிலீஷ். குரலை மாத்திட்டானுங்க என்று எழுந்து கத்தினேன். சுப்பராயன் சட்டையைப் பிடித்து இழுத்து, குந்துய்யா, அவன் லண்டன்காரன், இத்தினி வருஷமா வேற எவனோ அவனுக்குப் பிரெஞ்சுல பேசியிருக்கான் என்றான். கொட்டகையே சிரித்தது.

அதுவாவது போகட்டும். பன்னிரண்டு கொலைகாரர்களைப் பிடித்த மனுஷனை, வயசாகிவிட்டதாம், இரண்டாவது ரீலிலேயே கொன்றுவிட்டார்கள். துப்பறிவது ஒரு பொடிப்பயல். இது என்ன நியாயம்? பாதியில் வந்துவிட்டேன்.

அடுத்த கோபம் உன்மேல். போன கடிதம் முழுக்கப் பிரெஞ்சு. என் பிரெஞ்சு கோர்ட்டு வாசலில் பெயர் கூப்பிடுகிற அளவுதான் என்று தெரியாதா? உன் அம்மா வழக்கம்போல, வாசி என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். தடுமாறினால் அவள் முகம் மாறுகிறது. நீ எழுதியதுபோல நானே சொல்லிக்கொண்டு போனேன். அம்மா, உன் மீன்குழம்பு நினைப்பாகவே இருக்கிறது என்றேன். இருமலுக்குக் கஷாயம் குடி என்றேன். எப்ப வரானாம் என்று கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு என்று வாயில் வந்துவிட்டது.

மறுநாள் மார்கரீத் டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பட்டாளத்தில் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம். அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறுகிறாயாம். சண்டை நடக்கிற இடமாச்சே என்றாள் டீச்சர். இதைத் தமிழில் எழுதக் கை வரவில்லையோ உனக்கு?

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் பெரிய மார்க்கெட்டில் மீன்கார ராஜாம்பாளிடம் இப்போதே கிறிஸ்துமஸுக்கு வஞ்சிரம் சொல்லிவைத்துவிட்டாள்.

கப்பல் ஏறுமுன் நாலு வரி தமிழில் எழுது. ஒரு வார்த்தை கூட்டாமல் வாசிக்கிறேன். வரமுடியாது என்றால் அதையும் நீயே அவளுக்குச் சொல்லு. என்னால் ஆகவில்லை.

மாதா உன் கூடவே வரட்டும்.

உன் அப்பா
சூசைநாதன்