ஈரம் தெரிந்தவர்கள்

மச்சான்,

இன்று காலை மகள் புதுத் தேயிலைப் பொதி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே வெள்ளித்தாள் சரசரத்ததும் உம்முடைய நினைவு வந்துவிட்டது.

என் தங்கையைக் கலியாணம் முடித்த கையோடு தெற்கே மாத்தறைக்குப் போய் எங்கள் சுருட்டுக் கடையைப் பொறுப்பெடுத்தவர் நீர். நான் இங்கே எங்கள் ஊர் சுருவிலில் சுருட்டுக் கொட்டிலை நடத்தினேன். பதினான்கு பேர் இருந்து சுருட்டுச் சுற்றினார்கள். தெற்கில் மழை தொடங்கினால் போதும், பெட்டிகள் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வரும். சுற்றுகிறவர்களை ஏசினேன். புகையிலையைக் கூடுதலாகக் காயவிட்டேன், சுருட்டு உடைந்தது. கொட்டிலை மூடுவதென்றே முடிவெடுத்திருந்தேன்.

அப்போதுதான் கக்கத்தில் ஒரு தாள் சுருளோடு நீர் வந்து இறங்கினீர். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியின் மைத்துனர் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிறவராம். கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் அங்கே நின்று பார்த்தீராம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் அது. எனக்குக் கோபம் வந்தது.

“சுருட்டைப் பற்றி அவங்களுக்கு என்ன தெரியும்?”

“சுருட்டைப் பற்றித் தெரியாது மச்சான். ஈரத்தைப் பற்றித் தெரியும்.”

ஒரு பெட்டிக்குள் தாளை ஒட்டி, ஈரச் சாக்கால் சுற்றிப் பத்து நாள் வைத்தோம். திறந்தபோது சுருட்டுகள் வைத்தபடியே இருந்தன. அந்த மழைக்கு ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. பத்துப் பத்தாகச் சிறு பொதி கட்டினால் பஸ்ஸில் போகிறவர்கள் வாங்குவார்கள் என்று பிறகு சொன்னவரும் அந்த முதலாளிதான். நீர் யார் யாருடைய கடையிலோ தேத்தண்ணி குடித்துத் திரிகிறீர் என்று நான் குறை சொன்ன காலமெல்லாம், கொட்டிலுக்குப் புதிதாக ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது.

தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் கடையும் எரிந்தது. உம்மைத் ‘தம்பி’ என்றே கூப்பிடும் அந்த முதலாளி தன் வீட்டில் ஒளித்து வைத்து, அடையாளம் தெரியாதபடி தன் சாரத்தை உடுக்கத் தந்து ரயிலேற்றி விட்டார். அதன்பின் நீர் கொட்டிலிலேயே இருந்தீர். “இஞ்ச எல்லாரும் எங்களுக்குத் தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிக் கதைக்கிறம்” என்று ஒருநாள் சொன்னீர். அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டீர். இன்றுவரை கொட்டிலில் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

போன மாதம் வெட்கத்தை விட்டு, சிங்களம் தெரிந்த ஒருவரைக்கொண்டு அந்த முதலாளிக்குக் கடிதம் எழுதுவித்தேன். எங்கள் சுருட்டை இப்போது எப்படிக் கட்டினால் விலைப்படும் என்று மட்டும் கேட்டேன்; உம்மைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நேற்றுப் பதில் வந்தது. புது மட்டைப் பெட்டி ஒன்றின் படத்தைக் கையால் கீறியிருந்தார். அடியில் ஒரு வரி: ‘தம்பியை ஒருமுறை வந்து போகச் சொல்லுங்கள்.’

பெட்டியைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, மச்சான். அந்த ஒரு வரிக்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.