பதினாறு மீட்டருக்கு அந்தப்பக்கம்

என் அருமை அண்ணா,

நீ போன பிறகு உன் பெரிய லென்ஸ் என்னிடம் வந்துவிட்டது. தூக்கித் தூக்கித் தோள்பட்டை போச்சு. ஊசுட்டேரிக் கரையில் இதை வைத்துக்கொண்டு ஒரு நாரைக்காக அரைநாள் எப்படித்தான் நின்றாயோ?

அண்ணிதான் கொடுத்தார். "மாலா, நீ எடுத்துட்டுப் போ. ஆனா அவரு வச்சது வச்ச மாதிரியே இருக்கணும். ஒண்ணையும் மாத்தாத" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பறவை மிரளாமலிருக்க நீ மாட்டிய காட்டுப்பச்சை உறையைக்கூடக் கழற்றவில்லை. அதோடு பத்திரிகைக்குக் கால்பந்துப் படம் எடுக்க உப்பளம் மைதானத்துக்குப் போனால் மற்ற போட்டோக்காரர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா மேடம், கோல்போஸ்ட்ல கொக்கு கிக்கு வந்து குந்தியிருக்கா?" என்று ஒரே கிண்டல். நானும் சிரித்து வைத்தேன்.

உறை பரவாயில்லை அண்ணா. லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிறதே சின்னப் பொத்தான், அதுதான் தொல்லை. தூரத்துப் பறவை சட்டென்று ஃபோகஸ் ஆகட்டும் என்று, பதினாறு மீட்டருக்கு அப்பால் இருப்பதை மட்டும் பிடிக்கும்படி தள்ளி வைத்திருந்தாய். போன வாரம் கால்பந்து அரையிறுதி. நான் கார்னர் கொடி பக்கம் உட்கார்ந்திருந்தேன். கோல் போட்டவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்து ஓடி வந்தான். கிட்டே வர வர மங்கிப்போனான். பொத்தானைத் தள்ள எவ்வளவு நேரமாகும்? விரலும் அதுவரை போனது. கடைசியாக உன் விரல் பட்ட இடமாயிற்றே என்று திரும்பி வந்துவிட்டது.

பத்திரிகையில் என்னை இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை. எப்படிப் படம் எடுக்கிறேன் என்று பார்க்கத்தான் அனுப்புகிறார்கள். "ஞாயித்துக்கெழம ஃபைனல்லயும் இப்டி மங்கலா குடுத்தீன்னா வேற ஆள பாத்துக்குறோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் எனக்கு வேறு லென்ஸ் ஏது? பொத்தானைத் தள்ளினாலோ, அண்ணி உடைந்துபோவார். எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. நீ செத்துப்போனதற்கு அழுவதா, என்னை இப்படி மாட்டிவிட்டுப் போனதற்குக் கோபப்படுவதா?

நேற்று அந்த மங்கல் படத்தை அண்ணியிடம் காட்டி விவரத்தைச் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவரு கை பட்டதெல்லாம் ஒவ்வொண்ணா போவுது. சட்டையெல்லாம் தொவைச்சாச்சு, வண்டிய வித்தாச்சு. இது ஒண்ணுதான் அப்டியே கெடக்குது."

வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எழுந்து உலை வைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொத்தானைத் தள்ளத்தான் போகிறேன் அண்ணா. அண்ணியிடம் சொல்லிவிட்டே மைதானத்துக்குப் போவேன். ஆட்டம் முடிந்ததும் நீ வைத்த இடத்துக்கே திரும்பத் தள்ளிவிடுவேன், இது சத்தியம். ஆனால் அப்போது அதை அங்கே வைத்தது நீயல்ல, நானாகத்தான் இருக்கும். அது அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் ஒரே தங்கை,
மாலா