ஜன்னல் உள்ள அறையையே எடு

ஹான்காக், நவம்பர் கடைசி

அன்பு மகள் கைசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ மில்வாக்கியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றால் அதுவே எங்களுக்குப் போதும். பனி முழங்கால்வரை ஏறிவிட்டது, ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று காதை அறுக்கிறது. என் இதயத்தைப் பற்றி டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, படியேறாதே, பனி அள்ளாதே என்ற பழைய பாட்டுதான். பக்கத்து வீட்டு வெர்னர்தான் வந்து அள்ளுகிறார், அள்ளிவிட்டு உட்கார்ந்து நம் காப்பியைக் காலி செய்கிறார்.

படம் வரைய வாடகைக்குப் பார்த்ததாக நீ ஃபோனில் சொன்ன இரண்டு இடங்களையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பழைய ஷூ தொழிற்சாலையின் மேல்மாடி, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள், ஆனால் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றது கிடங்குக் கட்டடத்தில் ஜன்னலே இல்லாத அறை, மாதாமாதம் வாடகை, வேண்டாமென்றால் உடனே காலி செய்யலாம். கிடங்கையே எடுக்கப்போவதாக நீ சொன்னபோது, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாதான் போட்டு உடைத்தாள். "பொறுப்பாவது ஒண்ணாவது! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பெட்டியைக் கட்டிட்டு ஓடி வரணுமேன்னுதான் அவ அந்தப் பொந்தைப் பிடிக்கிறா. இதுகூடப் புரியலையா உங்களுக்கு?" என்றாள். எனக்குப் புரியத்தான் இல்லை. புரிந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

விளக்கு வெளிச்சமே போதும் என்கிறாய். போன மாதம் சவுனா நீராவிக் குளியலறைக் கதவுக்கு நான் ஷெட்டுக்குள் உட்கார்ந்து, குழல்விளக்கில் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் கலந்து அடித்தேன். உள்ளே நல்ல வெண்ணெய் நிறம். வெளியே கொண்டுவந்து மாட்டியதும் வெர்னர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, கதவுக்கு மஞ்சக்காமாலையா? நல்ல டாக்டரா பாருய்யா" என்றார். ஒரு கதவுக்கே இந்தக் கதி என்றால், சுவர் அகலத்துக்குத் துணி கட்டி ஏரிப் பனிக்கட்டியின் நீலத்தைத் தேடுகிற நீ அந்தப் பொந்தில் என்ன செய்வாய்? பழைய இடத்தை விட்டபின் நீ ஒரு படம்கூட முடிக்கவில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். என் நெஞ்சு வலியைவிட அதுதான் எனக்குப் பெரிய வலி.

அதனால் மேல்மாடியையே எடு. ஆனால் வேலைநாளில் ஒருமுறை போய்ப் பார், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்டடமும் அமைதியாகத்தான் இருக்கும். சாமான் ஏற்றும் லிஃப்டில் உன் பெரிய படச்சட்டம் நுழைகிறதா என்றும் அளந்து பார்த்துக்கொள்.

இன்னொன்று, கோபப்படாமல் படி. நம் ஊரில் குளிர்காலத்தில் போகிறவர்களை உடனே புதைப்பதில்லை என்று உனக்குத் தெரியும், நிலம் இரும்பாக உறைந்து கிடக்கிறது. ஜனவரியில் போன வெர்னரின் அண்ணனைக் கல்லறைத் தோட்டத்து அறையில் வைத்திருந்து மே மாதம்தான் புதைத்தோம். எனக்கு ஏதாவது ஆனாலும் நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், கையிலிருக்கும் படத்தை முடித்துவிட்டு நிதானமாக வா. நான் சாவதற்காகக் காத்துக்கொண்டு இருட்டறையில் மட்டும் உட்காராதே அம்மா, அதை என்னால் தாங்க முடியாது.

இதைப் படித்தால் அம்மா என்னை உதைப்பாள், அதனால் அவளுக்குக் காட்டாமல் உறையை ஒட்டுகிறேன். உன் கண்ணுக்கும் கைக்கும் கடவுள் துணையிருக்கட்டும். கையெழுத்துப் போட்டதும் ஃபோன் செய், நான் விழித்திருப்பேன்.

உன் அப்பா,
ரெய்னோ