கார்பனைக் காட்டாத துப்பாக்கி

மார்ச் 11, செவ்வாய்

காலையில் மழை. இரண்டு லாரி நிறைய வால்வு விற்றுப் போயிற்று. மதியம் பேட்டன் ரூஜ் தீக்காய ஆஸ்பத்திரியில் டால்டனைப் பார்த்தேன். வலது கை, கழுத்து, பாதி முகம் எல்லாம் துணிக்கட்டு. ஆலையில் அவன் வெல்டிங் வைத்த ஓரத்திலேயே குழாய் விரிசல் விட்டுச் சூடான அமிலம் பீய்ச்சியிருக்கிறது. கீழே நின்றது அவன்தான். குழாய், பழைய குழாயும் வால்வும் விற்கும் என் யார்டில் வாங்கியது.

"என் மூஞ்சியப் பாத்து உன் தங்கச்சி இப்பத்தான் அழுவுறா மச்சான். முன்னெல்லாம் சிரிப்பா."

வெர்னா சிரிக்கவில்லை. "இவரு வெல்டிங்தான் கோளாறுன்னு ஆலையில சொல்றாங்கண்ணே. லைசென்ஸ் போயிடுமாம்."

"ஹூஸ்டன்ல ஒரு லேப் இருக்கு. நானே குடுத்துப் பாக்கறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 21, வெள்ளி

லேபில் டீக் என்ற அம்மாள். கறார். எக்ஸ்ரேயில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றும் அளவாக இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் வெல்டிங்கை ஒட்டி உலோகம் மணிமணியாகப் பிரிந்து நிற்கிறது. எனக்கே காட்டினாள். காய்ந்த சேற்றுத்தரை மாதிரி.

"ஒண்ண மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரெண்டையும் சேத்துப் பாத்தா, ரகம் சரி, சூடுதான் அளவு மீறிருக்கு. வெல்டரோட கை."

பிறகு கேட்டாள்: "இது லோ-கார்பன் குழாய்தானே? அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மார்ச் 22

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. மூடிப்போன பழைய உர ஆலையிலிருந்து எடுத்த சரக்கு, உருக்காலைச் சான்று இல்லாமல் வந்தது. எங்கள் தொழிலில் கைத்துப்பாக்கி என்று சொல்லும் சோதனைக் கருவியைக் குழாயில் அழுத்துவோம். அதுவும் எக்ஸ்ரேதான், நொடியில் ரகம் காட்டும். கார்பன் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வார்ப்பதெல்லாம் லோ-கார்பன்தானே என்று நாங்களே அதையும் சேர்த்து எழுதிவிடுவோம். ஊரில் எல்லா யார்டிலும் இதே கதைதான். ஆனால் இது இப்போது வார்த்த குழாயா? எழுபதுகளில் வார்த்தது. கார்பன் கூடுதலாக இருந்தால், யார் எவ்வளவு பதமாகச் சூடு காட்டினாலும் வெல்டிங் ஓரத்தை அமிலம் தின்றுவிடும்.

கார்பனைப் பார்க்கச் சொன்னால் நான் காலி. சொல்லாவிட்டால் டால்டன்.

ஏப்ரல் 2

வெர்னா அழைத்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

தவக்கால வெள்ளி, சர்ச்சில் மீன் வறுவல். ஆலைக்காரன் ஒருவன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "உன் மாப்ளைக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுய்யா. சொன்னா ஒத்துக்குவானா? வீம்பு புடிச்சவன்."

டால்டன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. பேசாமல் மீனைத் தின்றேன். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். சே — என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 7

டீக் அம்மாளுக்குப் போன் செய்தேன். கார்பனையும் பாருங்கள் என்றேன்.

"சீவி எடுத்த தூளை ஆக்ஸிஜன்ல எரிச்சுத்தான் பாக்கணும். ஏன் திடீர்னு? லோ-கார்பன்னு எழுதிருக்கீங்களே?"

"எழுதுனேன். தெரியாம எழுதுனேன்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 16

லோ-கார்பன் குழாயில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இருப்பது 0.07. டீக் அம்மாள் சொன்னாள்:

"மூணையும் சேத்துப் பாத்தாச்சு. இந்தக் குழாய்ல யார் வெல்டிங் வச்சிருந்தாலும் இதே கதிதான். அவரு கைமேல தப்பில்ல."

அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 17

அதே சரக்கை வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். கழற்றுங்கள் என்றேன். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான், ஒருவன் வக்கீல் பெயரைச் சொன்னான். முப்பது வருஷம் பேரம் பேசிய வாய் இது. கழற்றுங்கள் என்பதையே திரும்பச் சொன்னது.

சாயங்காலம் வெர்னாவிடம் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மொத ரிப்போர்ட் வந்தன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஊரே அவரத் திட்டுனப்போ சும்மாவா இருந்தே?"

இருந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சர்ச்சுக்குப் போகவில்லை.

மே 12

யார்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. டால்டனின் லைசென்ஸுக்கு ஆபத்தில்லையாம். சொன்னது வெர்னா இல்லை, வேறு ஆள்.

மே 29, வியாழன்

வெர்னாவிடமிருந்து குறுஞ்செய்தி: "எனக்கு ஷிப்ட். கட்டு மாத்த அவரக் கூட்டிட்டுப் போக ஆளில்ல." கேள்வியும் இல்லை, வணக்கமும் இல்லை. போனேன்.

முன்கதவைத் திறந்து பிடித்தேன். டால்டன் பின்கதவைத் தானே திறந்து, இடது கையால் ஊன்றி ஏறினான்.

"கைய நீட்டணும். எடம் வேணும்" என்றான்.

முன்னாலும் இடம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.