கோப்பையில் கறுக்கும் சைடர்

மார்ச் 3
மகள் மரிவோன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் பீப்பாயை இன்று ருசி பார்த்தேன். மனைவி லெயோனி இறந்த பிறகு நான் தனியாக ஆப்பிள் பிழிந்து புளிக்கப் போட்ட முதல் சைடர். குழாயில் வரும்போது வைக்கோல் நிறம். அவள் இருந்தபோது வருமே, அதே நிறம். ரொட்டி வெட்டி முடிப்பதற்குள் கோப்பையில் பச்சை படர்ந்து, மை போலக் கறுத்துவிட்டது.

மார்ச் 5
பக்கத்துத் தோட்டத்து ஆர்மானைக் கூப்பிட்டுக் காட்டினேன். மோந்து பார்த்தான். "ஓய் வியாபாரி, கோழித்தீவனத்தைக் கரைச்சு ஊத்திட்டியா?"
அந்தத் தீவனத்தை சைக்கிளில் விற்றுத்தான் கடை கட்டினேன். சரக்கு கெட்டால் முதலில் மூட்டையைப் பார்ப்பேன், பிறகு தரையை, பிறகு கூரையை. இதையும் அப்படியே பார்க்கவேண்டியதுதான். காற்று பட்டால் பழுப்பாகும். இது கறுப்பு.

மார்ச் 6
இரண்டு கோப்பை ஊற்றி ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன். அது நிறம் மாறவில்லை, மற்றது கறுத்தது.
"அப்ப இரும்புதான். எலுமிச்சைப் புளிப்புக்கு அடங்குறது அதுதான். எங்கயோ ஊறிக் கெடக்கு" என்றான் ஆர்மான்.
குழாய் மரத்தால் ஆனது. பிழியும் பொறியில் துரு இல்லை. பின் எங்கே?
ரூவான் நகரத்திலிருந்து மரிவோன் போனில் பேசினாள். "கடைச் சைடர் வேண்டாம்பா. நம்ம பீப்பாயிலேர்ந்துதான் ஊத்தணும்."
சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 9
பீப்பாயை அசைத்தேன். உள்ளே ஏதோ உரசியது.
அட மடையா! கழுவுற சங்கிலி!
வருஷா வருஷம் தண்ணீரும் இரும்புச் சங்கிலியும் உள்ளே விட்டு முற்றத்தில் உருட்டுவோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் லெயோனி. அவளுடைய மரக்காலணிச் சத்தத்தில் சங்கிலிச் சத்தமே கேட்காது. தக்கை அடிக்கும் முன் கேட்பாள்: "சங்கிலி?"
"வெளிய வந்தாச்சு, மகாராணி."
நானாக அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள்தான் கேட்பாளே.
போன இலையுதிர் காலத்தில் கேட்க ஆளில்லை.

மார்ச் 10
மரிவோனிடம் சொல்லிவிட்டேன். "இதுக்கும் அம்மாதான் வேணுமாப்பா உனக்கு?" சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.
கொட்ட மனமில்லை. கெட்ட சரக்கிலும் ஏதாவது தேறும்.
ஆர்மான்: "காய்ச்சி எறக்கு. ஆவி மேல போகும், இரும்பு அடியில நிக்கும்."

மே 17
கல்யாணம் முடிந்தது. மேசையில் ஆர்மான் கொடுத்த சைடர். மீனுக்கும் இறைச்சிக்கும் நடுவே, வயிற்றில் இடம் பண்ண எல்லோரும் ஒரே மடக்கில் விழுங்கும் சாராயம் மட்டும் நம் பீப்பாயிலிருந்து இறக்கியது. தண்ணீராய்த் தெளிந்திருந்தது. மரிவோன் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுக்கவில்லை. குடித்தாள்.

அக்டோபர் 22
பீப்பாய் கழுவினேன். தக்கை அடிக்கப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்மான் கத்தினான்: "ஓய்! சங்கிலி?"
"வெளிய வந்தாச்சு" என்றேன். அடுத்த வார்த்தையைக் கஷ்டப்பட்டு விழுங்கினேன்.