சுவருக்குப் பெயின்ற் அடித்த குடும்பம்

இஞ்சாருங்கோ,

மார்க்கம் நகரில், மகள் வீட்டு ஹோலில், நீங்கள் விரும்பிப் பார்க்கிற அந்தச் சினிமாப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. "அம்மா, அப்பான்ரை ஃபேவரிட். இண்டைக்கு எல்லாரும் இருந்து பாப்பம்" என்று போட்டுவிட்டாள். நீங்கள் போய் நாலு மாதம் முடியவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் நினைவு. நான் முதல் காட்சியிலேயே எழும்பிவிட்டேன். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் வந்து, தேத்தண்ணியும் போடாமல் இதை எழுதுகிறேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன நகரம். தகப்பன், தாய், ஒரு குமர்ப்பிள்ளை. வீட்டுச் சுவருக்கு என்ன நிறத்தில் பெயின்ற் அடிப்பது என்று இரண்டு மணித்தியாலம் இழுபடுகிறார்கள். தாய் சூப் ஊற்றுகிறாள், தகப்பன் உப்புக் கேட்கிறான், கமெரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ஒண்டும் நடக்காத மாதிரித்தான் இருக்கும், ஆனால் எல்லாம் அதுக்குள்ளைதான் நடக்குது" என்பீர்கள். பெரிய கண்டுபிடிப்பு!

நீங்கள் அந்தப் படத்தைப் போட்டது, ஊரில் நடந்த சண்டையின் கடைசி மாதம். டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மெண்டின் பார்ட்டி ரூமில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் படம் காட்டுவீர்கள். அந்த ஞாயிறு எங்கட சனம் முழுக்கச் சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுண் றோட்டில் நின்றது. நானும் முதல் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய் வந்திருந்தேன்.

"இந்த மாசம் விட்டால் குறைஞ்சா போயிடும்? ஊர் எரியுது, உங்களுக்குப் படமோ?"

"எரியுறபடியால்தான். சனம் இரண்டு மணித்தியாலம் மூச்சு விடட்டும்."

பதினாலு பேர் வந்தார்கள். வாசலில், நீங்கள் புரொஜெக்டரோடு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அந்தக் கோதாரி விழுந்த பிஸ்கற் தகர ரின். வருகிறவர்கள் போனின் சத்தத்தை நிறுத்தி அதற்குள் போட வேண்டும். அது உங்கள் சட்டம். நான் என்னுடையதைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். என் தம்பி, பெண்சாதி பிள்ளைகளோடு வன்னியில் பங்கருக்குள் கிடந்தான். மூன்று மாதமாகக் குரல் இல்லை.

"உமக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும். எல்லாருக்கும் அங்கை ஆக்கள் இருக்கினம்" என்றீர்கள். நியாயமான பேச்சு. பதினாலு பேரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் போட்டேன். நானேதான் போட்டேன், இல்லையென்று சொல்லவில்லை.

படம் முடிந்து எடுத்துப் பார்த்தால் ஒரு அழைப்பு வந்து போயிருந்தது. தெரியாத நம்பர். திருப்பித் திருப்பி அடித்தேன், போகவில்லை. நீங்கள் வயரைச் சுற்றிக்கொண்டே, "உது ஆரும் சாமான் விக்கிறவனாயிருக்கும்" என்றீர்கள். அடுத்த கிழமை சண்டை முடிந்ததென்று அறிவித்தார்கள்.

ஒரு வருசத்துக்குப் பிறகு, அங்கிருந்து தப்பி வந்து இங்கே மோர்னிங்சைட் பக்கம் குடியிருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தாரே, நினைவிருக்கா? தம்பி சற்றலைற் போனுக்கு அரை நாள் வரிசையில் நின்றானாம். ஒருத்தருக்கு ஒரு தடவைதானாம். "அக்கா எடுக்கேல்லை, வேலையாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து பங்கருக்குள் இருந்தானாம். பிறகு அவர்களை யாரும் காணவில்லை. நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு நாங்களும் அந்தப் படத்துக் குடும்பம்தான். கறிக்கு உப்புக் காணுமோ, குப்பை வண்டி என்றைக்கு, மகளின் பல்லுக்கு எப்போது கம்பி போடுவது. இவ்வளவுதான் கதை. பனிக்காலத்தில் நான் வேலைக்குப் போகமுன் காரைச் சூடாக்கி வைப்பீர்கள். நல்ல மனுசன் என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில், மகள் கோப்பி வாங்கப் போன நேரம் கையைப் பிடித்தீர்கள்.

"அண்டைக்கு ரின்னுக்குள்ளை போன் அதிர்ந்தது எனக்குக் கேட்டது. எட்டிப் பாத்தன், உம்மடைதான். கடைசிக் காட்சி. முடியட்டும் எண்டு இருந்திட்டன்."

அத்தனை வருசமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு என்னோடிருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்! நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லையப்பா, விடுங்கோ" என்றேன். நீங்கள் அழுதீர்கள். பிறகு நல்ல நித்திரை கொண்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். எனக்குத்தான் அன்றிலிருந்து நித்திரை இல்லை.

"அம்மா, முடியப்போகுது, வாங்கோவன்" என்று மகள் கூப்பிடுகிறாள். போய்ப் பக்கத்தில் இருப்பேன். அவளுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவளுக்கு நீங்கள் நல்ல அப்பாவாகவே இருங்கோ.

ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது, சாகிற மனுசனை நோகப் பண்ணக்கூடாது என்று சொன்ன சொல். இப்போது நீங்கள் செத்தாயிற்று. கேளுங்கோ: நான் உங்களை மன்னிக்கவில்லை.