மாக் கப்பல் கவிழ்ந்த கதை

மச்சான்,

இன்று காலை ஒட்டரிசி மா என்னைக் கைது செய்துவிட்டது. மைக்ரோவேவிலிருந்து எடுத்த சூட்டோடு முதலில் கரண்டியைப் பிடித்தது, பிறகு கையை, பிறகு கல்யாண மோதிரத்தை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலிருந்து விம்பிள்டன் வரை இழுத்தாலும் அறாது போலிருந்தது. பக்கத்துச் சட்டியில் பயறும் சர்க்கரையும் ஏலக்காயும் மணந்தன. "சோளமாவைத் தூவடா, விசரா!" என்று நீ கத்துவாய் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

நீ போய் ஒரு வருஷம், இன்று உன் ஆட்டைத் திவசம். உன் மனைவி ராணி போன கிழமையே கட்டளை போட்டுவிட்டாள். "அண்ணை, அவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கவேணும். மோச்சி எனக்கு வராது. அது நீங்கள்தான்."

உலக வரலாற்றிலேயே மோச்சி படைக்கப்படும் முதல் யாழ்ப்பாணத்தான் நீயாகத்தான் இருப்பாய்.

உன் மகள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அந்த ஜப்பான் பலகாரத்தைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? மெத்தென்ற அரிசிமா உருண்டை, உள்ளே இனிப்பான சிவப்பு அவரை. ஒரு கடி கடித்துவிட்டு நீதிபதிபோல் நிமிர்ந்தாய். "இது எங்கட மோதகம். அவிக்க முதல் ஜப்பானுக்கு ஓடிப்போட்டுது."

அடுத்த சனிக்கிழமை நாமே செய்யப் புறப்பட்டோம். இரண்டு மேதைகளும் எடுத்தது என்ன மா? புட்டுக்கு வைத்திருந்த வறுத்த சிவப்பரிசி மா! வந்தது மோச்சியல்ல, செங்கல். கவுன்சிலுக்குக் கொடுத்திருந்தால் அப்டன் பார்க்கில் நாலு மாடி எழுப்பியிருப்பார்கள். "ரெண்டு பேரும் என்ர குசினியை விட்டு வெளிக்கிடுங்கோ" என்றாள் ராணி. சீனக் கடையில் ஒட்டரிசி மா வாங்கிய பிறகுதான் நமக்கு மானம் திரும்பியது. அவரையைத் தள்ளிவைத்துப் பயற்றை உள்ளே வைத்தவன் நீ. அதன்பின் சனிக்கிழமை என்றால் உன் வீட்டில் மோச்சி.

பிறகு உனக்குப் பாரிசவாதம் வந்து, விழுங்கும் பலமும் போனது. தடிப்பாக்கிய கஞ்சி மட்டும்தான் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். மோச்சியோ நல்ல தொண்டையையே அடைக்கிற சாமான். அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாய்.

"மச்சான், ஒரு மோச்சி கொண்டு வாவன்."

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராதே. கதை அளந்தேன்.

"மா எங்கையடா? ஜப்பானில மாக் கப்பல் கவிண்டு போச்சு. கடல் முழுக்கக் களி. திமிங்கிலமெல்லாம் வாய் ஒட்டிப்போய்க் கிடக்குது."

கோணிய வாயால் சிரித்தாய். "கப்பல் நிமிர்ந்தால் சொல்லு."

அதிலிருந்து நான் வரும்போதெல்லாம் "கப்பல்?" என்பாய். நானும் விட்டேனா? கப்பலைத் தூக்க யானைகளை நீந்த வைத்தேன். மா என் குசினி அலுமாரியில், உடைக்காத பைக்கற்றில் இருந்தது.

ஒருநாள் நீ கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். அப்பாடா, இன்று கதை கட்டத் தேவையில்லை என்று நிம்மதியாகப் பஸ் ஏறினேன். மறுநாள் விடிய ராணியின் போன். அந்த நிம்மதி இன்றுவரை என் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மச்சான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டிருக்கிறது. மோச்சியைப் பார்த்ததும் ராணி சிரித்தாள், அழுதாள்.

"உங்கட கப்பல் கதையெல்லாம் எனக்குச் சொல்லுவார் அண்ணை. 'ஏதும் கேக்காட்டி அவன் என்னைப் பாத்து அழுதுபோடுவான்' எண்டுவார்."

விழுந்து கிடந்தவன் நீ. பராமரிக்கப்பட்டவன் நானா?

பயறு பிதுங்காத, நல்ல வடிவான மோச்சியாகப் பார்த்து உன் இலையில் வைத்தேன். கப்பல் வந்திட்டுது என்று சொல்லத்தான் வழியெல்லாம் பாடமாக்கி வந்திருந்தேன். நங்கூரம், சங்கு, மேளம் எல்லாம் தயார்.

வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"மா வீட்டிலதான் இருந்தது, மச்சான்."